லட்சத்தீவுக்கு ஆள் அனுப்பும் தொழில்

களியக்காவிளையில் இருந்துகொண்டு லட்சத்தீவுப் பயணத்துக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறோம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் வியப்பாக இருக்கும். இதில் வியக்க ஒன்றுமில்லை. குழித்துறையிலோ பாறசாலையிலோ ரயில் ஏறினால் அன்றைக்கே எர்ணாகுளம். அங்கிருந்து வில்லிங்டன் தீவு ஆட்டோ தூரம். எல்லையோரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். தீவுக்காரர்கள் பேசும் ஜெசரி, காது கொஞ்சம் பழகினால் பிடிபட்டுவிடும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கடற்கரைக்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடல் போய், சுற்றுலாக்காரர்களுக்கு வெகுகாலம் முன்பே அந்தக் கடலை அறிந்துவைத்தவர்கள். 2017இல் ஒக்கிப் புயலில் திசை தப்பிய நம் மாவட்டப் படகுகள் பலவற்றுக்கு அடைக்கலம் தந்ததும் அந்தத் தீவுகள்தான். இவ்வளவு நெருக்கம் இருந்தும் பயணம் கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி இப்போது மாறிவிட்டது. முன்பெல்லாம் "அங்க நம்மள உள்ள விடுவாங்களா?" என்று கேட்பார்கள். 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவு போய்வந்த படங்கள் வெளியான பிறகு, "சீ பிளேன் எப்ப வருது அண்ணே? கப்பல்ல ஒரு ராத்திரி பூரா கிடக்கணுமா?" என்றுதான் பேச்சே தொடங்குகிறது. இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்து நான் வந்து சேர்ந்திருக்கிற முடிவைச் சொல்லிவிடுகிறேன்: கடல் விமானம் வரட்டும், வந்தால் நல்லதே, ஆனால் லட்சத்தீவுக்குப் போகும் வழி கப்பல்தான், அதுவே முதன்மையாக இருக்கவும் வேண்டும். கப்பல்மேல் உள்ள பழைய பாசத்தில் இதைச் சொல்லவில்லை. தீவின் தண்ணீர், பவளத்திட்டு, அங்கே வாழும் மக்கள் ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்த விடைதான் வருகிறது.

முதலில் தூரம். கொச்சியிலிருந்து கவரத்தி ஏறத்தாழ 404 கிலோமீட்டர், மினிக்காய் 398, கல்பேனி 287. பத்துத் தீவுகளில் மக்கள் இருக்கிறார்கள். எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டர்தான் வரும். பவளத்திட்டுக்குள் அடங்கிய ஆழமில்லாக் கடலான லகூன் பரப்போ 4,200 சதுர கிலோமீட்டர். காணப் போகிற அதிசயம் இந்த லகூன்தான் என்பதையும், நிலம் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கீற்று என்பதையும் புரிந்துகொண்டவர்கள் ஏமாறுவதில்லை. 1982இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் என்ற அரசுச் சங்கம் நடத்திவந்த 'சமுத்திரம்' பயணம் இந்த உண்மையின்மேல் கட்டப்பட்டது. ஐந்து நாள், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய், இரவில் கப்பல். தீவில் தங்க அறை வேண்டாம், தீவின் கிணற்று நீரை இரவெல்லாம் செலவழிக்க வேண்டாம், குப்பையும் பெரிதாகச் சேராது. எழுநூறு பேர் ஏறக்கூடிய எம்.வி. கவரத்தி போன்ற ஒரு கப்பல், பயணிகளுக்கு ஓட்டலாகவும் தீவுக்குக் காவலாகவும் ஒருசேர வேலை செய்கிறது. இதை ஏற்பாடு செய்தவர்கள் சிக்கனத்துக்காகச் செய்தார்களோ தொலைநோக்கோடு செய்தார்களோ, விளைவு நன்மையாக முடிந்தது.

இரவுக் கப்பல் என்றவுடன் சொகுசுக் கப்பல் விளம்பரங்களை நினைத்துக்கொள்வது பிழை. இது தீவு மக்களின் பஸ். கீழ்த்தளப் படுக்கை வகுப்பில் கொச்சி மருத்துவமனையிலிருந்து திரும்பும் நோயாளி, விடுமுறைக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகள், அரிசி மூட்டைக்காரர் எல்லோரும் இருப்பார்கள். மேல் வகுப்பில் ஏசி உண்டு, கதவு சாத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான் வித்தியாசம். கப்பலையும் போகிற தீவையும் பொறுத்துப் பதினான்கு மணி நேரம் முதல் இருபது மணி நேரம் வரை ஆகும். காலையில் தீவு தெரிந்த பிறகும் இறங்கிவிட முடியாது. பெரும்பாலான தீவுகளில் கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே ஆழ்கடலிலேயே நின்றுவிடும். பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் இரும்புக் கதவைத் திறப்பார்கள். சிறு படகு ஒன்று வந்து அணையும். அலை தூக்கும்போது படகு கதவுக்கு நேராக உயரும், அடுத்த நொடி ஓர் ஆள் மட்டத்துக்குக் கீழே போய்விடும். கதவில் நிற்கும் தீவுக்காரர் இருவர் பயணியின் கையை விரல்களில் பிடிக்க மாட்டார்கள், மணிக்கட்டில் பிடிப்பார்கள். "இப்போ வேண்டா" என்று ஒரு அலையை விடுவார்கள், சில சமயம் இரண்டை விடுவார்கள். படகு மேலே வந்து ஒரு கணம் நிற்கும் அந்த இடத்தில் "வா" என்ற ஒற்றைச் சொல். கீழே இன்னும் இரண்டு கைகள் வாங்கிக்கொள்ளும். தானாகக் குதிக்கிறவருக்குத்தான் கால் பிசகும். கையை ஒப்புக்கொடுத்தவர் பத்திரமாக இறங்குவார். பயணிகளை அனுப்புமுன் நான் விளக்கிச் சொல்கிற விஷயங்களில் இதைவிட முக்கியமானது வேறில்லை. பை முதுகில் இருக்கட்டும், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், செல்போனை உள்ளே வையுங்கள்.

1988இல் அகத்தியில் விமானத்தளம் வந்தது. அதே காலத்தில் பங்காரம் தீவில் கேரள நிறுவனம் ஒன்றின் விடுதியும் திறந்தது. ராஜீவ் காந்தி 1987 முடிந்து 1988 பிறக்கும் நாள்களைப் பங்காரத்தில் கழித்திருந்ததால் அந்தப் பெயர் நாடு முழுக்கப் பரவியிருந்தது. ஆரம்பத்தில் ஓடியது சிறிய டோர்னியர் விமானம். இன்று ஏடிஆர் ஓடுகிறது; 2024 மார்ச் 31 முதல் பெங்களூரிலிருந்தும் நேரடியாக உண்டு. ஆனால் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,200 மீட்டர்தான். தீவே அவ்வளவு ஒடுக்கம். விமானம் வந்ததால் பயணம் எளிதானது உண்மை; பயணிகள் மாறியதும் உண்மை. பறந்து வந்து இறங்குகிறவர்களிடமிருந்து தொழிலில் எங்களுக்கு வரும் புகார்கள் ஒரே மாதிரி இருக்கும். குளிக்கும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, காய்கறி இல்லை, ஏசி நின்று நின்று ஓடுகிறது. கப்பலில் போனவர்களிடம் இந்தப் புகார் குறைவு. காரணம் எளிது. ஓர் இரவு முழுக்கக் கடலைத் தவிர வேறொன்றும் காணாமல் போனவருக்கு, தக்காளி எங்கிருந்து வருகிறது, டீசல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஏறிய கப்பலின் சரக்கறையிலேயே அவை வந்தன. மணலுக்கடியில் கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிற நன்னீரை நம்பித்தான் இந்தத் தீவுகள் காலங்காலமாக வாழ்ந்தன. அது போதாமல் போகவே, ஆழ்கடலின் குளிர்நீரை உறிஞ்சி, அதன் குளிர்ச்சியைப் பயன்படுத்திக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைச் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் அமைத்தது. நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். பிறகு மினிக்காயிலும் அகத்தியிலும் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அறுபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் தீவுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வாளித் தண்ணீரும் இப்படி உழைத்துத்தான் கிடைக்கிறது.

இனிக் கடல் விமானம். நம் நாட்டில் இது புதிய கனவு என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்தது நான்கு முறை தொடங்கிப் பார்த்தாகிவிட்டது. 2010 டிசம்பர் 30 அன்று மும்பை ஜுஹுவில் 'ஜல் ஹன்ஸ்' என்ற பெயரில் தொடங்கி அந்தமானுக்குப் போன சிறு செஸ்னா, போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போன்ற இடங்களுக்குச் சில காலம் பறந்து நின்றுபோனது. 2013 ஜூனில் கொல்லம் அஷ்டமுடிக் காயலில் கேரள அரசு விழா எடுத்துத் தொடங்கிய விமானம் ஆலப்புழைப் புன்னமடையில் இறங்கவே முடியவில்லை. மீனவர்கள் படகுகளோடு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2020 அக்டோபர் 31 அன்று சபர்மதிக்கும் ஒற்றுமைச் சிலைக்கும் இடையே தொடங்கிய சேவைக்கு மாலத்தீவிலிருந்து விமானம் வந்தது. ஒரு மாதம் ஆகுமுன் பராமரிப்புக்காக அது மாலத்தீவுக்கே திரும்பிப் பறக்க வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலோடு சேவையும் நின்றது. 2024 நவம்பர் 11 அன்று கொச்சி போல்காட்டியிலிருந்து மூணாறு மாட்டுப்பெட்டி அணைக்கு ட்வின் ஆட்டர் சோதனையாகப் பறந்தது; மீனவர் சங்கங்களும் வனத்துறையும் உடனே கவலை தெரிவித்தன. இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், விமானத்தின் குறையால் நின்றது எதுவுமில்லை. பராமரிப்புக் கொட்டகை பக்கத்தில் இல்லை, நிரந்தரக் கூட்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்குகிற தண்ணீர் ஏற்கெனவே யாரோ ஒருவரின் வேலைத்தளமாக இருந்தது. இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் லட்சத்தீவுத் திட்டம் பேசுகிறவர்கள் போதுமான அளவு எடைபோடவில்லை என்பது என் கருத்து.

உடனே மாலத்தீவைக் காட்டுவார்கள். நியாயமான எதிர்வாதம்தான். உலகிலேயே பெரிய கடல் விமான அணி அங்கேதான் இருக்கிறது. பதினைந்து பேர் அமரும் ட்வின் ஆட்டர், வெறுங்காலோடு விமானி, ஆளுக்கு இருபது கிலோ மூட்டை, அருமையான காட்சி. அதே பவளம், அதே கடல், மினிக்காய் மக்கள் பேசும் மஹல் மொழியும் மாலத்தீவின் திவேஹி மொழியும் ஒன்றே. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? மாலத்தீவு தன் சுற்றுலாவைத் தொடக்கத்திலிருந்தே ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்று ஆளில்லாத் தீவுகளில் வைத்தது. விமானம் இறங்கும் லகூன் விடுதிக்கு உரியது. அங்கே வலை வீசக் குடியிருப்பே இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள் இருக்கும் நாட்டுக்கு அது முடியும். லட்சத்தீவில் மொத்தமே முப்பத்தாறு தீவுகள் என்று எண்ணுவார்கள். அவற்றில் ஒன்று கடலுக்குள் போய்விட்டது. பெரிய லகூன்களை ஒட்டி ஊர்கள் இருக்கின்றன. அந்த லகூனில்தான் தீவு மீனவர் காலையில் சிறு வலை வைத்து உயிர் இரை மீன் பிடிக்கிறார். அதைப் படகின் தொட்டியில் உயிரோடு கொண்டுபோய் வெளிக்கடலில் தூவி, கூட்டமாக மேலே வரும் சூரையைக் கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சுண்டி எடுக்கிறார். நம் ஊர்க் கடைகளுக்கு வரும் மாசிக் கருவாட்டின் கதை அந்த லகூனின் இரை மீனில் தொடங்குகிறது. வலை போட்டுப் பெரும் மீனை அள்ளாத, கடலுக்கு இதமான முறை இது. விமானம் இறங்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைத் தலையோ படகோ இல்லாத நீர் வேண்டும். மூச்சு விட மேலே வரும் பச்சை ஆமைகளும் அதே நீரில்தான். புன்னமடையில் நடந்தது அகத்தியிலோ கவரத்தியிலோ நடக்காது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. நடந்தால் மீனவர் பக்கமே நியாயம் இருக்கும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். எம்.வி. கவரத்தி ஒரு நடையில் கொண்டுபோகும் ஆட்களைப் பதினைந்து இருக்கை விமானம் கொண்டுபோக நாற்பத்தேழு நடை பறக்க வேண்டும். கடல் விமானம் கண்ணால் பார்த்து இறங்குவது, இருட்டில் இறங்காது. மாலையில் தாமதமாக வந்து சேர்கிறவர் மாலத்தீவிலேயே ஓர் இரவு தலைநகரில் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. மிதவை பொருத்திய விமானம் எடையாலும் காற்றுத் தடையாலும் மெதுவாகப் பறக்கும், எரிபொருள் அதிகம் குடிக்கும். கொச்சியிலிருந்து 400 கிலோமீட்டர் நேராகப் பறப்பது அதன் சுகமான எல்லைக்கு வெளியே. தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பலே தடுமாறும் மாதங்களில் இது அசையாது. தீவுகளில் மிகப் பெரியதான அந்திரோத்துக்குச் சொல்லும்படியான லகூனே கிடையாது. அங்கே வாழும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்று, விளம்பரங்கள் சொல்லாதது. உப்பு நீரில் இறங்கும் விமானத்தின் மிதவைகளையும் எஞ்சினையும் ஒவ்வொரு நாளும் பறப்பு முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவியாக வேண்டும். கழுவாமல் விட்டால் அலுமினியம் பொரிந்துவிடும். கடல்நீரை மாற்றிக் குடிநீராக்கும் தீவில் அந்தத் தண்ணீர் யாருடைய பங்கிலிருந்து வரும் என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் சொல்லட்டும்.

கப்பல் குறையற்றது என்று நான் வாதாடவில்லை. 2021 டிசம்பரில் எம்.வி. கவரத்தியின் எஞ்சின் பகுதியில் தீப்பிடித்தது. அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் கடல் நடுவில் நின்றார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஏழு பயணிக் கப்பல்கள் பட்டியலில் உண்டு என்றாலும், பழுதுக்கும் டிரை டாக்குக்கும் போனவை போக மிச்சம்தான் ஓடும். அப்போது சிகிச்சைக்குப் போகும் தீவுக்காரருக்கே டிக்கெட் கிடைக்காது. சுற்றுலாப் பயணி ஒருவருக்குப் படுக்கை வாங்கிக் கொடுக்கும்போது அது யாருடைய படுக்கை என்ற கேள்வி இந்தத் தொழில் செய்கிறவன் மனத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே கடல் விமானத்துக்குச் செலவிட இருக்கும் பணத்தில் பெரும்பகுதி கப்பலுக்கும் படகுத்துறைக்கும் போக வேண்டும் என்கிறேன். முழங்கால் வலிக்காரர்களும் வயதானவர்களும் அலையில் ஆடும் படகில் எப்படி இறங்குவார்கள் என்று கேட்பவர்களுக்கும் விடை அதிலேயே இருக்கிறது. கப்பல் நேரே வந்து அணையக்கூடிய துறை கிடைத்தால் மூதாட்டியும் படியேறி இறங்கலாம். அந்த வசதி ஊர்க்காரருக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

கடல் விமானத்துக்கு இடமே இல்லையா? உண்டு. கன்னியாகுமரியைப் பாருங்கள். நீர்மட்டம் தாழ்ந்தால் திருவள்ளுவர் சிலைக்குப் படகு போகாது. 2024 டிசம்பர் 30 அன்று 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்கு நடந்தே போகலாம். ஆனால் கரையிலிருந்து பாறைக்கு இன்றும் பூம்புகார் படகுதான். லட்சத்தீவில் கடல் விமானம் அந்தப் பாலத்தின் வேலையைச் செய்யலாம். அகத்தியில் இறங்கியவர்களை ஆளில்லாத் தீவுகளான பங்காரம், திண்ணக்கரை, சுஹேலி பக்கம் கொண்டுபோகலாம். பகலில் நோயாளிகளை அகத்திக்குக் கொண்டுவர, இப்போது அந்த வேலையைச் செய்யும் ஹெலிகாப்டருக்குத் துணை நிற்கலாம். இதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தால் பழைய நான்கு முயற்சிகளின் கதிதான்.

தீவு இளைஞர்களுக்கு வேலை வேண்டாமா, கூட்டம் வந்தால்தானே வருமானம் என்பது கடைசி எதிர்வாதம். இதை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். தீவில் படித்துவிட்டு வேலையின்றி இருப்பவர்கள் நிறைய. ஆனால் காட்டுவதற்கு இருக்கும் பொருள் என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள். 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் லட்சத்தீவுப் பவளங்கள் வெளுத்தன. 2024 கோடையில் மறுபடியும் பெரும் வெளுப்பு. 1998 முதல் அங்கே தொடர்ந்து மூழ்கிக் கணக்கெடுத்துவரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டதாகக் கண்டிருக்கிறார்கள். கடல் சூடாவதைச் சுற்றுலாக்காரர் தடுக்க முடியாது. ஆனால் வெளுத்த பவளம் தேற ஆண்டுகள் வேண்டும். தேறும் காலத்தில் அதன்மேல் நங்கூரமும் கழிவுநீரும் மிதிக்கும் கால்களும் சேரக் கூடாது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ரவீந்திரன் குழு தீவுகளின் மேம்பாட்டை அவற்றின் தாங்குதிறனுக்குள் அடக்கித் திட்டமிட வேண்டும் என்ற வழியில்தான் போனது. சுஹேலியிலும் கத்மத்திலும் தலா 110 அறைகளோடு பெரிய விடுதிகள் வருவதாக 2023இல் அறிவிப்பு வந்தது. அவை வரும்போது அந்த எல்லையை யார் காப்பார்கள் என்பதுதான் தீவின் வருமானத்தையும் முடிவுசெய்யும். கப்பலில் படுக்கை எத்தனை என்பது வெளிப்படையான எண். அதை மீறி ஆள் ஏற்ற முடியாது. விமான நடையைக் கூட்டிக்கொண்டே போகலாம். பவளம் உயிரோடு இருந்தால்தான் தீவுப் பையன்கள் முக்குளிப்புச் சொல்லித்தருவதும் கண்ணாடிப் படகு ஓட்டுவதும் தொடரும்.

எனவே போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதல் தடவை கப்பலில் போங்கள். அக்டோபருக்குப் பிறகு, மே நடுவுக்கு முன். அனுமதிச் சீட்டு கட்டாயம். போலீஸ் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று வாங்க நாள் ஆகும், அதனால் ரயில் டிக்கெட்டுக்கு முன்பே அதைத் தொடங்குங்கள். கப்பல் கிளம்பும் தேதி மாறலாம் என்பதால் திரும்பும் ரயிலுக்கும் வேலைக்குப் போகும் நாளுக்கும் இடையே இரண்டு நாளாவது விடுங்கள். வாந்தி வரும் உடம்பு என்றால் டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் கப்பல் நகரும் முன்பே போடுங்கள். குமட்டல் தொடங்கியபின் போட்டால் நிற்காது. தீவில் ஒரு வாளியில் குளித்து முடியுங்கள். செத்த பவளமானாலும் சிப்பியானாலும் பையில் எடுத்து வராதீர்கள், அது குற்றம். கடல் விமானத்தில் கட்டாயம் இடம் தருகிறேன் என்று இன்றைக்கு முன்பணம் கேட்கும் ஏஜென்டு எவராக இருந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்.